பக்கவாட்டு அல்ல, விளிம்பு

கிராகோவில் நான்காம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
பன்னிரண்டு நாள் விடுப்பு.
நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை,
விளையாட்டுப் பெருவிழாவில்
டேபிள் டென்னிஸ் உதவி நடுவர்.
உதவி நடுவர் என்றால் எண் அட்டையைத் திருப்புகிறவன்.
தலைமை நடுவர் பிர்கித்தெ, டென்மார்க்காரர்,
வலைக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நான்.
என் பக்கத்து விளிம்பில் பந்து பட்டால் மட்டும்
தீர்ப்பு என்னுடையது.
ஆறு நாளாக எதுவும் படவில்லை.

அரங்கம் நோவா ஹூத்தாவில், எஃகு ஆலைப் பேட்டையில்.
காலை பதினொரு மணி, பாதி நாற்காலி காலி.
ஒரு வரிசையில் பள்ளிப் பிள்ளைகள்.
கையில் கொடி கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள்.
எதை ஆட்டுவதென்று தெரியாமல்
இரண்டையும் ஆட்டினார்கள்.

பச்சைச் சட்டையில் குவான். ஆரஞ்சில் ஹே.
முதுகில் இரண்டு ஐரோப்பிய நாடுகளின் பெயர்.
இருவரும் ஷென்யாங்கில் ஒரே கூடத்தில்
ஒரே வாளியிலிருந்து பந்தெடுத்து வளர்ந்தவர்களாம்;
மட்டை சோதிக்கும் அறையில் யாரோ சொன்னார்கள்.
ஹேவுக்கு நாற்பத்தொன்று. முழங்காலில் கறுப்புப் பட்டை.
சர்வீஸ் போடுமுன் மேசையின் வலது மூலையை
உள்ளங்கையால் ஒருமுறை துடைப்பார்.
குவானும் அதே மூலையை, அதே மாதிரி.
எந்தக் கொடியும் அதைக் கழற்றவில்லை.

ஏழாவது செட். பத்துக்குப் பத்து.
பதினொன்றுக்குப் பதினொன்று.
ஹே பன்னிரண்டு.
அப்புறம் அந்தப் பந்து.

மூன்று கிராம்கூட இல்லை அது.
மேசையின் மேல் ஓரத்தில் உரசினால் புள்ளி.
ஓரத்துக்குக் கீழே, பக்கவாட்டில் என்றால் இல்லை.

நான் அதைப் பார்க்கவில்லை.
இதைச் சொல்ல இவ்வளவு நாளாயிற்று:
நான் அதைப் பார்க்கவில்லை.
கேட்டேன்.
தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குமே,
அந்தச் சின்னச் சத்தம்.
இருபத்திரண்டு வருடமாக
அந்தச் சத்தத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்.
சரி.
தீர விசாரிக்க எனக்கிருந்தது
ஒரு பெண் மூச்சை இழுத்து விடுவதற்குள்ளான நேரம்.
விரலை நீட்டினேன்.
“விளிம்பு.”

பிர்கித்தெ கையை உயர்த்தினார். முடிந்தது.
பிள்ளைகள் இரண்டு கொடிகளையும் ஆட்டினார்கள்.

ஹே ஒற்றை விரலை உயர்த்தினார்.
இந்த ஆட்டத்தின் மரியாதை அது.
அதிர்ஷ்டத்தில் வந்த புள்ளிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்;
திருப்பித் தர வேண்டியதில்லை.

குவான் பார்த்தது என்னை.
கோபம் என்றால் தாங்கியிருப்பேன்.
கதவு மூடியபின் நிறுத்தத்துக்கு வந்துசேர்ந்தவர்
பக்கக் கண்ணாடியில் தெரிவார்,
பையைத் தோளில் சரிசெய்தபடி,
அடுத்த வண்டி எப்போதென்று
பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.
அந்த முகம்.

மாலையில், பின்வழி நடையில் இருவரும்.
ஒரு பிளாஸ்க், ஒரே மூடி, மாறி மாறி வெந்நீர்.
குவான் பெஞ்சின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து
இங்கே, என்பதுபோலக் காட்டினார்.
ஹே அந்த விரலைப் பிடித்து
ஒரு நெல்மணி அளவு கீழே இறக்கினார்.
இருவரும் சிரித்தார்கள், 
வெந்நீர் சிந்தும்வரை.
எனக்கு அந்த மொழி தெரியாது.
வேறு எதையாவது பேசியிருக்கலாம்.
ஆனால் கீழே என்பது
எந்த மொழியிலும் கீழேதான்.

திங்கட்கிழமை மறுபடி நான்காம் எண்.
அரங்கத்து நிறுத்தத்தில் மூன்று பேர் ஏறினார்கள்,
ஒருவர் இறங்கினார்.
கண்ணாடியில் பார்த்தேன்.
யாரும் ஓடி வரவில்லை.
இருந்தும் கதவை மூடவில்லை, பத்து நொடி,
பதினைந்து நொடி.
பின்னால் வந்து நின்ற டிராம்
மணியடிக்கத் தொடங்கியது.